முதுகுத் தையல்

டீமன் ஸ்லேயர் அனிமேயில் வரும் தொமியோகா கியூ வேடத்தில் யாராவது எதிரே வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. கடந்து போகட்டும் என்று காத்திருந்து முதுகைப் பார்ப்பேன். கிமோனோவின் மேலே அணியும் அந்த ஹவோரியில் அரக்குச் சிவப்புப் பாதி கியூவின் அக்காவுடையது. பச்சை, ஆரஞ்சு, மஞ்சள் கோணங்கள் கொண்ட பாதி நண்பன் சபிதோவுடையது. இறந்துபோன இருவரின் துணியும் சேரும் இடம் நடுமுதுகு. கிமோனோத் துணிக்கு ஒரு முழ அகலம்கூடக் கிடையாது. அதனால் பெரியவர்களின் ஹவோரிக்கு நடுமுதுகில் ஒரு தையல் ஓடும். அந்தச் சாதாரணத் தையலில் ஒருவனின் துக்கம் முழுவதையும் கொண்டுவந்து வைத்ததற்காகவே டீமன் ஸ்லேயர் எனக்குப் பிடிக்கும்.

நகோயாவின் ஓசு கடைத்தெருவில், ஓர் ஆகஸ்ட் வெயிலில், ஒரு பெண் அதை அணிந்து போனாள். சிவப்புப் பாதி பலமுறை துவைத்துத் தொய்ந்த துணி. மறுபாதி இன்னும் விறைப்பு. நடக்கையில் இரண்டும் இரண்டு விதமாக அசைந்தன. அக்காதானே முதலில் இறந்தவள்? அப்படியானால் அவள் துணிதான் அதிகம் பழசாக இருக்க வேண்டும். அந்தப் பெண் அதுவரை யோசித்திருக்கிறாள்!

இப்படி வேடமிடும் காஸ்ப்ளேயைத்தான் இங்கே சிலர் மாறுவேடப் போட்டி என்கிறார்கள். வளர்ந்த பிறகும் கார்ட்டூன் பைத்தியம், நிஜம் எது கதை எது என்று தெரியாதவர்கள் என்கிறார்கள். ஜப்பானிலும் இந்தப் பேச்சு உண்டு. 1989இல் சிறுமிகளைக் கொன்றவன் பிடிபட்டபோது அவன் அறையிலிருந்த ஆயிரக்கணக்கான வீடியோ நாடாக்களை நாடே பார்த்தது. அனிமே, மங்கா பித்தர்களைக் குறிக்கும் ஒட்டாகு என்ற சொல்லில் படிந்த கறை நெடுநாள் போகவில்லை. அப்படிப் பழிக்கப்பட்டவர்கள் கூடும் காமிக்கெட் என்ற ரசிகர் சந்தைக்கு வீட்டிலிருந்தே வேடமிட்டு வரக்கூடாது, வேடத்தோடு திரும்பவும் கூடாது. கேட்காமல் படம் எடுப்பது அங்கே மரியாதைக் கேடு. எல்லை தெரியாதவர்களா இவர்கள்?

நட்சத்திரத்தின் உடையை ரசிகர் உடுத்துவதும் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் கபுகி நடிகர் சனோகாவா இச்சிமட்சு மேடையில் கட்டம் போட்ட உடையில் வந்தார். எடோ (இன்றைய டோக்கியோ) நகரமே அந்தக் கட்டத்தை உடுத்தியது. இன்றும் அதற்கு இச்சிமட்சு என்றுதான் பெயர். டீமன் ஸ்லேயரின் நாயகன் தஞ்சிரோவின் தோளில் கிடப்பது அதுவே.

காஸ்ப்ளேக்குக் கவசம் செய்பவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஃபோமைச் சூடுகாட்டி வளைத்து, உள்ளே விளக்கு வைத்து அவர்கள் மேடையேறினால் அரங்கம் அதிரும். ஆனால் அது இருபதடி தள்ளி நின்று பார்க்க வேண்டிய அழகு. எனக்குக் கிட்டே போய்ப் பார்க்க ஏதாவது வேண்டும்.

ஆனால் இப்போது கியூ வேடங்களின் கிட்டே போனால் மனம் நோகிறது. ஒரே பாலியஸ்டர் துணியில் ஹவோரியின் இரண்டு பாதியையும் அச்சடித்து விற்கிறார்கள். முதுகில் தையலே இல்லை, ஒரு கோடுதான். பல சமயம் அந்தக் கோடும் தோள் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஊசி பிடிக்கத் தெரியாத பதினைந்து வயதுப் பிள்ளை அதை வாங்குவதில் தப்பில்லை. அதுதான் அவனுக்கு வாசல். பத்து வருடம் வேடமிட்டவர்களும் அதோடு நின்றுவிடுவதுதான் வருத்தம். 2003 முதல் நகோயாவில் நடக்கும் உலக காஸ்ப்ளே உச்சிமாநாட்டின் போட்டியில் சொந்தக் கையால் செய்த உடைக்குத்தான் இடம். அந்த விதி தளராமல் இருக்க வேண்டும்.

ஓசுவில் அந்தப் பெண்ணிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வாள்மேல் கைவைத்து நேராக நின்றாள். முதுகுதான் வேண்டும் என்று அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். ஒரு கணம் விழித்தவள், ஹவோரியைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு, பாட்டியின் பழைய கிமோனோவைப் பிரித்த துணியாம். பழைய தையலின் ஊசித்துளைகள் ஓரத்தில் அப்படியே இருந்தன. அவற்றை ஒட்டியே புது நூலைக் கையால் ஓட்டியிருந்தாள்.