விளக்கு வைத்தவர் கை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், டி. ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைக் கடந்து போகிறவர்கள், அங்கே எடுக்கப்பட்ட படங்களில் நடித்தவர்களையும் பாடியவர்களையும் நினைவுகூர்வார்களே தவிர, அந்தப் படங்களுக்கு விளக்கு வைத்தவர்களை நினைப்பதில்லை. ஒரு படத்தின் வெளிச்சத்தை ரசிக்க விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அதை அமைத்தவருக்குத் தம் வேலையின் பலன் எப்போது, எந்த ரூபத்தில் கண்ணுக்குத் தெரிந்தது என்பதே.

1950-இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'யைப் போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்புப் பட்டும் பச்சைப் பட்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் சாயலாகிவிடக்கூடுமாதலால், உடையின் வர்ணத்தைக் கண்ணுக்கு அழகாயிருப்பதைக்கொண்டு நிர்ணயிப்பதில் பயனில்லை; சுருளில் அது எவ்விதம் விழும் என்பதை அனுபவத்தால் ஊகிக்க வேண்டும். நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் பொறுப்பும் அங்கே வர்ணத்தை விட்டு விளக்கைச் சேர்ந்துவிடுகிறது. தலைமுடியின் ஓரத்திலும் தோளின் விளிம்பிலும் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். முதுகுப்புறத்தில் ஒளித்துவைத்த விளக்கு செய்யும் உபகாரம் அது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனம் கேவா கலரில் எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலோ, அக்காலத்து வண்ணச் சுருளுக்கு வெளிச்சம் மிகுதியாகத் தேவைப்பட்டமையால், நிழல்கள் பெரும்பாலும் நிரப்பப்பட்டுப்போக, துணியும் திரைச்சீலையும் தம் வர்ணத்தாலேயே பேசவேண்டியதாயிற்று. நிழலின் நயம் என்று பார்த்தால் எனக்கு முன்னதே உயர்வாகப் படுகிறது. இரண்டிலும், சுருள் ரசாயனத்தில் கழுவப்பட்டுத் திரும்பிய பிறகே வைத்த விளக்கு சரியா தவறா என்பது தெரியும்.

கணினியில் ஒளியும் பொருளும் அமைக்கிறவருக்கு இந்தக் காத்திருப்பு வேறு வேஷத்தில் வருகிறது. கணினி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவதை ரெண்டரிங் என்பார்கள். விளக்கிலிருந்து நேரே வரும் ஒளியை மட்டும் கணக்கிடும் பழைய ரெண்டரிங் முறை துரிதமானது; ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அதற்குத் தெரியாது. ஆகவே 1995-இன் கணினிப் படமான 'டாய் ஸ்டோரி'யின் காலத்தவர்கள், அந்தத் திரும்பும் ஒளி வரவேண்டிய இடங்களிலெல்லாம் பொய் விளக்குகளைத் தம் கையாலேயே வைத்தார்கள். ஒளியின் பாதைகளைத் தற்செயலாகத் தேர்ந்து பின்தொடரும் பிற்கால முறையில், கேழ்வரகு மாவைத் தூவினாற்போல் பொரிபொரியாகத் தோன்றும் படம் மெல்ல மெல்லத் தெளிகிறது. ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, என்ன வர்ணம் என்பவற்றை அந்தப் பொரிகளினூடேயே அறிந்துகொள்ளலாம். தரை மெருகிட்ட கல்லா, சற்றே சொரசொரப்பானதா என்பது மட்டும் கடைசிவரை மூடுமந்திரந்தான். பொறுமையற்ற கலைஞர் விளக்கைச் செம்மையாக வைத்துவிட்டு மெருகில் கோட்டை விடுவது இதனால்தான். திரும்பும் ஒளியைக் கணினியே கணக்கிடும் முறைக்கு 2013-இல் 'மான்ஸ்டர்ஸ் யூனிவர்சிட்டி' படம் மாறியபோது, பொய் விளக்குகளின் தேவை வெகுவாகக் குறைந்தது.

இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளச் சிவப்புத் துணிக்கு அருகிலுள்ள வெள்ளைச் சுவரைப் பாருங்கள்: செம்மை அதில் கசிந்திருந்தால், திரும்பும் ஒளி கணக்கிடப்பட்டிருக்கிறது, அல்லது யாரோ ஒருவர் மிகுந்த பிரயத்தனத்துடன் அதை அங்கே வைத்திருக்கிறார். இதைவிடக் கடுமையான பரீட்சை வெள்ளி. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கடையில் கொலுசை விளக்கருகில் பிடித்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நாம் காண்பதில் பெரும்பகுதி வெள்ளியின் நிறமன்று. கடைக்காரரின் சட்டை, மேஜை விரிப்பு, வாசல் வெளிச்சம், நம் விரல் ஆகியவையே. கணினிப் படத்தில் கொலுசணிந்த கால் அசையும்போது, பாவாடைக் கரையின் நிறமும் அந்த வெள்ளியில் கூடவே நகர்கிறதா என்று கவனியுங்கள். நகராமற்போனால், அங்கே பளபளப்பது முன்கூட்டியே ஒட்டிவைத்த ஒரு சித்திரம். அதன் பிரகாசத்தைக் கூட்டவும் குறைக்கவும் கலைஞரால் முடிந்ததே தவிர, பாவாடையின் நிறத்தை மாற்றி வெள்ளியை மாற்ற அவரால் முடியவில்லை.