நிலநடுக்கமும் வினைக்கொள்கையும்

1934ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் பிற்பகலில் வடபீகாரும் நேபாள நாடும் நடுங்கின. முங்கேர், முசாபர்பூர் முதலிய நகரங்கள் சில நிமிடங்களில் இடிந்து குவியலாயின. 10,000க்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். ஒன்பது நாள் கழித்து, தீண்டாமை ஒழிப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டிற் சுற்றுப் பயணஞ் செய்துகொண்டிருந்த காந்தியடிகள் திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்திற் பேசுங்கால், அவ்வழிவு தாழ்த்தப்பட்டார்க்கு நாம் இழைத்த பெரும்பாவத்தின்பொருட்டு இறைவன் விடுத்த தண்டமே எனத் தாம் நம்புவதாகக் கூறினார். கவியரசர் இரவீந்திரநாத தாகூர் இதனை மறுத்தெழுதினார். இயற்கைப் பேரழிவுக்கு இயற்கைப் பொருள்களின் சேர்க்கையே காரணம். மக்களது அறத்தையும் மறத்தையும் அதனொடு பிணைத்தல் பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்பது அவர் கூற்றின் சாரம். மறுப்பும், அடிகளது விடையும் அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள் 'அரிசன்' இதழில் ஒருங்கே வெளியாயின. தம்மை மறுத்த கட்டுரையைத் தம் இதழிலேயே இடம்பெறச் செய்த பெருந்தன்மையை ஈண்டுப் பாராட்டாதிருத்தல் இயலாது.

இவ்வழக்கு பழையதாயினும் இன்னுந் தீர்ந்திலது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கரையிற் குழந்தைகளை வாரிச்சென்றபோதும் மக்கள் உள்ளத்தெழுந்த வினா அதுவே. இருவர் கூற்றையும் சித்தாந்த நூல்களின் துணைகொண்டு ஆராய்வதே ஈண்டு யாம் மேற்கொண்டது.

முதற்கண் அடிகள் கூற்று. தீண்டாமை பாவம் என்பதில் எமக்கு ஐயமில்லை. அப்பாவத்தின் பயன் பீகார் மக்கள்மேல் வீழ்ந்தது என்பதே ஆராயத்தக்கது. ஊழ் என்பது இருவினைப்பயன் செய்தவனையே சென்றடைதற்கு ஏதுவாகிய நியதி என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். 'செய்தவனையே' என்னும் ஏகாரத்தை நீக்கிவிடின் வினைக்கொள்கை என ஒன்று எஞ்சாது. முங்கேரில் இடிந்த சுவரின்கீழ் மாண்டாருள் தாழ்த்தப்பட்டாரும் இருந்திருப்பர். அவரைத் தாழ்த்தினாருட் பலர் வேற்று மாகாணங்களில் நலமே இருந்தனர். தீங்கிழைத்தான் ஒருவன், தண்டம் பெற்றான் பிறிதொருவன் என்பது முறையன்று. தாகூரும் இதனையே வேறு சொற்களாற் சுட்டினார். அன்றியும் இத்தகைய வாதம் அடிகளைவிட அவர்தம் எதிரிகளுக்கே நன்கு பொருந்தும், அவர்கள் இவ்வழிவுக்கு அடிகளது இயக்கமே காரணம் என்று கூறினும் வியப்பில்லை என்றார். அது கூர்மையான இடம். அளவையின்றி எழும் நம்பிக்கை எவர் கையிலும் வாளாகும்.

இனிச் சிவஞான சித்தியார், பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்றும், இப்பொழுது செய்வது மேல்வரும் உடலைச் சாரும் என்றும் இரண்டாஞ் சூத்திரத்திற் கூறும். மிக்க வலியுடைய வினை இப்பிறப்பிற்றானே பயன்றரும் என்பதும் வழக்கே. ஆயினும் அது செய்தானுக்குத் தருமன்றி அயலானுக்குத் தாராது. ஆகலான் அடிகள் கூற்றுச் சித்தாந்த வினைக்கொள்கை ஆகாது. அதனைச் சைவத்தின்மேல் ஏற்றி இகழ்வாரும் புகழ்வாரும் ஒப்பப் பிழைபட்டவரே.

தாகூர் கூற்றில் ஒரு பாதி எமக்கு உடன்பாடு. நிலத்தின் அடியிலுள்ள பாறைகள் ஒன்றனையொன்று நெருக்கிப் பிளத்தலான் நிலம் நடுங்கும் என இக்கால அறிவியல் கூறுவதனைச் சித்தாந்தி மறுக்க வேண்டுவதில்லை. மாயையின் காரியம் தன் முறையில் நிகழும். சித்தாந்தி வினவுவது பிறிதொன்று: ஒரே கூரையின்கீழ் ஒருவன் பிழைப்பவும் ஒருவன் மாய்வது யாது பற்றி? தற்செயல் என்பது விடையன்று. விடையின்மைக்கு இட்ட பெயர். வினை சடமாகலின் தானே சென்று பற்றாது. அதனை ஊட்டுவான் ஒருவன் வேண்டும் என்பது நம் ஆசிரியர் துணிபு.

இவ்விடத்தில் ஓர் ஆசங்கை எழும். அதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. 'ஊரார் பாவத்தால் மாண்டனர் என்ற அடிகளைக் கொடியர் என்கின்றீர். தத்தம் பாவத்தால் மாண்டனர் என்னும் நும் கொள்கை அதனினுங் கொடிதன்றோ? தாயின் மடியிற்கிடந்த மகவை நோக்கி, இஃது உன் வினை என்பீரோ?' இவ்வினாவை எளிதிற் கடந்து செல்லுவார் வினைக்கொள்கையை அறிந்தவரல்லர். நம்மவருட் பலர், நோயுற்றானையும் வறியானையும் கண்டவிடத்து 'அவன் வினை' என்று இரண்டு சொற் கூறி அகல்வதைக் காண்கின்றோம். அச்சொல் மெய்யேயாயினும் அவர் வாயில் அது பொய்யினும் இழிந்தது.

என்னை? ஒருவன் வினைக்கணக்கை அறிந்தவன் இறைவன் ஒருவனே. எனக்கு வந்த துன்பத்தை யான் வினைப்பயன் எனக் கொள்வது, பிறரை வெகுளாமைக்கும் இறைவனை நோவாமைக்கும் துணையாம். பிறனுக்கு வந்ததனை அங்ஙனம் அளந்து தீர்ப்புக் கூறுதல், காணாத கணக்கைப் படித்தேன் என்பதனோடொக்கும். அடிகள்கூடத் தம் விடையில், தம் நம்பிக்கை தம்மைத் தாழ்மையுறச் செய்து இறைவனிடத்து நெருங்குவிக்கின்றது என்றார். தமக்கென்ற அளவில் அது நன்றே. மேடையேறிப் பிறர்க்கு உரைத்தபொழுதே அது பிழையாயிற்று.

இன்னும், துன்பம் என்பது பழிவாங்கல் எனக் கருதுவதும் சித்தாந்தமன்று. சித்தியார் இறைவனை மருத்துவனாக உவமிக்கும். சில நோயை அறுத்துங் கீறியுந் தீர்ப்பான். சிலவற்றைச் சர்க்கரையும் பாலுங் கலந்து ஊட்டித் தீர்ப்பான். இன்ப துன்பம் இரண்டும் மருந்தே. இவ்வுவமையிற் பலர் நோக்காது விடுவது ஒன்றுண்டு: இன்பமும் வினை தீர்க்கும் மருந்தாகலின், செல்வன் புண்ணியன், வறியன் பாவி எனத் தரம் பிரித்தற்கு இடமில்லை; இருவரும் நோயாளரே. அறுவை முடிந்து கிடப்பானுக்கு நீர் கொடுத்தல் மருத்துவனுக்குப் பகையாகாது. அந்நீரும் அவன் வகுத்த பத்தியத்தின் கூறாதல் கூடும் அன்றோ?

இனி உயிர்க்கு உரிமை உண்டோ என்பது. வருவன எல்லாம் முன்னை வினையாயின் இப்பொழுது செய்யும் நன்முயற்சியும் அவ்வினையே ஆகுமன்றோ என வினவுவார் உளர். உமாபதி சிவனார் சிவப்பிரகாசத்தில் மேல்வரும் வினைக்கு விருப்பு வெறுப்புக்களே ஏது எனக் கூறி, அவையும் பழைய வினையின் பயிற்சி ஆகாவோ என்னும் தடையையும் எடுத்துக்கொண்டு, அறிவு பொருந்தாது நிகழும் வினை, பொருந்தி நிகழும் வினை எனப் பகுத்து விடை கூறுவர். விடை சுருங்கியது. யாம் உணருமாறு அதன் கருத்து வருமாறு. வினை சூழலைத் தரும். ஒருபால் சாய்வையும் தரும். அச்சாய்வுக்கு உடம்படுவதும் உடம்படாததும் உயிரின் அறிவைப் பொறுத்தன. இச்சை, அறிவு, செயல் என்பன உயிர்க்கு வினை ஈந்தவை அல்ல. ஆணவத்தான் மறைந்து, மாயையாகிய உடல் கரணங்களான் சிறிது விளங்குவன. சிறிதே விளங்குதலான் நம் உரிமையுஞ் சிறிதே. இல்லை என்பது பொருளன்று. சித்தியார் கூறும் நெல்லுவமையும் இதனை விளக்கும். விளைந்த நெல் இவ்வாண்டுக்கு உணவும் மறுவாண்டுக்கு வித்துமாம். உண்ணும் நெல் சென்ற ஆண்டின் உழைப்பு, அதனை மாற்றலாகாது. வித்திடுவது இவ்வாண்டின் செயல். பீகாரில் வீழ்ந்த சுவர் மாண்டார்க்கு உணவுக்கூறு. அதனைக் கேட்டு நாம் என் செய்தோம் என்பது நமக்கு வித்துக்கூறு. சிறையினின்றும் விடுபட்டு வந்த இராசேந்திர பிரசாதர் அவ்வழிவில் உதவிப்பணியைத் திரட்டி நடத்தினார். அடிகளும் மார்ச்சுத் திங்களில் அந்நாட்டுக்குச் சென்றார். அவர் செயல் அவர் சொல்லினும் சித்தாந்தத்துக்கு அணுக்கமானது என்பது எம் கருத்து.

ஊழ் என்று வாளாவிருப்பதற்குச் சமய குரவர் ஒருவரும் சான்றாகார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது ஆளுடைய பிள்ளையார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடியருளிய பதிகம் யாவரும் அறிந்தது. அதன் தொடக்கத்திலேயே, இத்துன்பம் முன்னை வினையான் வந்தது என்று மட்டும் பேசி, அதனின்றும் பிழைக்கும் நெறியை நாடாதிருத்தலை அவர் குறையென்றே கடிகின்றார். வினை உண்மையை அவர் மறுத்திலர். அதனைச் சாக்காக்கியதையே மறுத்தனர்.

திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபோது, இஃது ஊரார் வினை என்று அப்பரும் சம்பந்தரும் மடத்துட் கதவடைத்து இருந்திலர். நாள்தோறும் இறைவன் வைத்த படிக்காசைக்கொண்டு பண்டம் வாங்கி அடியார்க்கு அமுதளித்தனர். பிள்ளையார் காசுக்குக் கடைக்காரர் வட்டம் கேட்டமையான் அவர் மடத்தில் அமுதாக்கக் காலம் தாழ்த்தது. அப்பர் மடத்தில் உரிய பொழுதில் நடந்தது. காரணம் வினவியறிந்த பிள்ளையார் அக்காசின் வாசி தீர இறைவனைப் பாடினார். பசித்திருப்பார்க்குச் சோறு ஒரு நாழிகை தாழ்த்தலும் அவர்க்குப் பொறாதாயிற்று.