தகவல் தருபவர்: தாய்

குழந்தைகள் நல வார்டில் எந்தக் கேஸ் ஷீட்டை எடுத்தாலும் முதல் நாலைந்து வரிக்குள் ஒரு வாசகம் இருக்கும்: தகவல் தருபவர் – தாய், நம்பகத்தன்மை – நன்று. சில நேரம் பாட்டி, எப்போதாவது அப்பா. பேச்சு வராத நோயாளிக்காகப் பேசுகிறவர் இவர். காய்ச்சல் எத்தனை நாளாக? நேற்று ராத்திரியிலிருந்து எத்தனை முறை ஒன்றுக்குப் போனது? பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, மூச்சு வாங்கிப் பாதியில் விட்டுவிடுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே இதயக் கோளாறு பற்றிய நினைப்பு வந்துவிட வேண்டும். பார்த்தது அம்மா. கண்டுபிடித்ததாகப் பெயர் எங்களுக்கு.

நம்பகத்தன்மை என்ற சொல்லையும் பாருங்கள். யார் யாருக்கு மார்க் போடுகிறார்கள்? மூன்று பிள்ளை வளர்த்த பெண்ணின் பேச்சுக்கு 26 வயது மாணவர் ஒருவர் ‘சுமார்’ என்று எழுதியிருந்தார். ஏனப்பா என்று கேட்டேன். “தேதி சரியாச் சொல்லல மேடம்.” அமாவாசைக்கு மறுநாள் ராத்திரி வலிப்பு வந்தது என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். அது இவருக்குத் தேதியாகப் படவில்லை.

முதுநிலை மாணவர்களுக்குக் குழந்தை மருத்துவம் சொல்லித்தருவது என் வேலை. மூன்று வருடப் படிப்பு. அதன் சாட்சியாக ஒரு லாக் புக் உண்டு. முதுகுத்தண்டு நீர் எத்தனை முறை எடுத்தாய், எத்தனை குழந்தைக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டாய், எத்தனை செமினார் எடுத்தாய் என்று கட்டம் கட்டமாக நிரப்பி எங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கொரோனா காலம் குழந்தை மருத்துவர்களின் பயிற்சியை எப்படிப் பாதித்தது என்று உலகம் முழுக்க எழுதிவிட்டார்கள். நான் படித்தவரை பெரும்பாலான கட்டுரைகள் இந்த லாக் புக்கின் மொழியிலேயே பேசுகின்றன. நோயாளிகள் குறைந்தார்கள், செய்முறைகள் குறைந்தன, வகுப்புகள் ஜூமுக்குப் போயின. அவை பொய்யல்ல. அமெரிக்காவில் 2020-21 குளிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. வைரஸ் ஏறக்குறைய காணாமலே போனது. வார்டு நிறைய மூச்சிறைக்கும் கைக்குழந்தைகளைப் பார்த்துக் கற்க வேண்டிய ஒரு குளிர்காலம் அப்படியே கழிந்தது. 2022 இலையுதிர்காலத்தில் அந்த வைரஸ் வெள்ளமாகத் திரும்பியபோது அந்த வருட மாணவர்கள் பலர் வார்டின் சீனியர்களாக இருந்தார்கள். நூல் போன்ற நரம்பில் ஊசி ஏற்றுவதை எந்த ஜூமிலும் கற்க முடியாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை, கட்டமே இல்லாததால் குறைந்ததென்றுகூட யாரும் எழுதாத ஒன்றைப் பற்றியது.

தாயிடம் பேசுவது, அதைவிட முக்கியமாக, தாய் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது. அழுகிற பிள்ளையை அம்மாவின் மடியிலிருந்து பிடுங்காமல் மடியிலேயே வைத்துப் பரிசோதிப்பது. பிழைக்காது என்பதை எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது. இதற்கெல்லாம் பாடவேளை கிடையாது. ராத்திரி டியூட்டியில் சீனியர் பின்னால் நின்று கற்றதுதான். இருபது வருடம் அதே வார்டில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ், “டாக்டர், அந்தப் பாப்பாவோட அம்மா ஏதோ சொல்ல வர்றாங்க, கொஞ்சம் கேளுங்க” என்று சொல்லித்தந்ததுதான். பாடத்திட்டத்தில் ‘தகவல் தொடர்புத் திறன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை வரியென்றுதான் சொல்ல முடியும்.

ஏன் கட்டம் இல்லை? இது பெண்களுக்குத் தானாக வருவது என்று நினைத்ததால்தான். ‘குழந்தை டாக்டர்னா பொண்ணுங்களுக்கு ஏத்த படிப்பு’ என்று எங்கள் வீடுகளில் சொன்னபோது, சர்ஜரி வேண்டாமென்று தடுத்ததோடு இன்னொன்றையும் சேர்த்தே சொன்னார்கள். இதில் நீ செய்யப்போவது திறமையில்லை, உன் சுபாவம். சுபாவத்துக்கு யாராவது மார்க் போடுவார்களா?

அது சுபாவமல்ல என்பதை 2020 காட்டிக்கொடுத்தது. அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு, தோல், எலும்பு என்று எந்தத் துறை மாணவர்களானாலும் கோவிட் வார்டு டியூட்டிக்குப் போனார்கள். குழந்தைகளைப் பார்க்கப் படிக்க வந்தவர்கள் அறுபது வயதுக்காரர்களின் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினார்கள். ஆண் உடம்புக்கு அளவெடுத்த பி.பி.இ. கிட்டுக்குள் ஆறு மணி நேரம். ஒன்றுக்குப் போக முடியாதென்று தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். மாதவிடாய் நாட்களில் பட்ட பாட்டைத் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள், டியூட்டி போடுகிறவரிடம் சொல்லவில்லை. குழந்தைகள் வார்டுக்குத் திரும்பினால் அங்கும் அதே கிட். வாயும் மூக்கும் மறைந்த உருவம் கிட்டே வந்தால் ஒரு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? வீறிட்டு அழும். தள்ளி நின்று சீக்கிரம் முடித்துவிட்டு நகர்வதே பழக்கமானது. அப்படிப் பயின்ற பெண் மாணவர்களுக்கும் ஆண் மாணவர்களைப் போலவே தாயிடம் பேச வரவில்லை. தானாக வருவதாக இருந்தால் வந்திருக்க வேண்டுமே.

பச்சிளங்குழந்தைப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தையைப் பிறந்த உடனே தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துவைத்தால் என்ன ஆகும் என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வழக்கமான முறையோடு ஒப்பிட்டால் மரணம் கால்வாசி குறைந்தது. தாய் வாசலில் காத்திருக்கும் பார்வையாளரல்ல, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கட்டில் போட்டுத் தர வேண்டியவர் என்பது அதன் பொருள். முடிவு வெளியானது 2021 மே மாதம். அதே மே மாதத்தில் நாங்கள் தாய்மார்களை வெளியே நிறுத்தியிருந்தோம். தொற்று உள்ள தாயும் குழந்தையோடு இருக்கலாம், பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் பல இடங்களில் பிரித்தே வைத்தார்கள். தாய் இல்லாத வார்டு அமைதியாக இருக்கும், வேலை வேகமாக நடக்கும். அதுதான் இயல்பான வார்டு என்று நினைத்துக்கொண்டே ஒரு தலைமுறை மாணவர்கள் தேர்ந்தார்கள்.

அந்த மே மாதம் 3ஆம் தேதி பிரதமர் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நீட் முதுநிலைத் தேர்வு குறைந்தது நான்கு மாதம் தள்ளிப்போகும். புதியவர்கள் சேரும்வரை இறுதியாண்டு முதுநிலை மாணவர்களின் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். நூறு நாள் கோவிட் டியூட்டி முடித்தவர்களுக்குப் பிரதமரின் பெயரில் ‘தேசிய சேவை சம்மான்’. அதில் மாணவர் படிக்க வந்தவராக ஓரிடத்திலும் தெரியவில்லை. உழைப்புக்கு ஈடாகப் பட்டம் தருவது பெண்களுக்குப் பழகிய ஏற்பாடுதான். வீட்டில் அதற்குத் தியாகி என்று பெயர்.

தேர்வு செப்டம்பர் 11ஆம் தேதி நடந்தது. இடஒதுக்கீட்டு வழக்கில் கலந்தாய்வு நின்றது. டிசம்பரில் டெல்லியில் மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2022 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. இதற்கு நடுவே, 2021 ஜூலையில், மூன்றாவது அலை குழந்தைகளைத் தாக்கும் என்ற பேச்சு உச்சத்தில் இருந்தபோது, ஒன்றிய அரசு 23,123 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் பிரிவு அமைப்போம் என்றது. கட்டில் வாங்கலாம், வென்டிலேட்டர் வாங்கலாம். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்க வேண்டிய முதலாண்டு மாணவர்கள் முழு பேட்சாக வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேட்ச் வேலையை இரண்டு பேட்ச் பார்த்தது. வாரம் 48 மணி நேரம் என்ற 1992ஆம் ஆண்டு விதியை நினைவுபடுத்தினால் மாணவர்கள் சிரித்தார்கள். ஆள் குறைந்தால் முதலில் போவது ஊசியல்ல, மருந்தல்ல. கட்டிலோரம் உட்காரும் பத்து நிமிடம்.

தாய், தாய் என்று இவ்வளவு எழுதுகிறாயே, அப்பா எங்கே என்று தோழிகள் கேட்பார்கள். நியாயம். கேஸ் ஷீட்டின் அந்த வரி தாயைக் கௌரவிப்பதாக நான் சொல்லவில்லை. பிள்ளை எடை குறைந்தால் ‘சரியாகப் பால் கொடுக்கவில்லை’ என்று பழியும் அதே தாளில்தான் ஏறும். 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது எங்கள் வார்டிலும் தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். “ஏம்மா ஊசி போடல?” என்று ஒரு மாணவி அதட்டினாள். உலகில் இரண்டரைக் கோடிக் குழந்தைகளுக்கு 2021இல் முத்தடுப்பூசித் தவணை தவறியது. அத்தனை தாய்மாருமா பொறுப்பில்லாதவர்கள்? பஸ் ஓடவில்லை, அங்கன்வாடி பூட்டிக்கிடந்தது. அதட்டலையும் அவள் எங்களிடமிருந்துதான் கற்றிருப்பாள்.

அவளுடைய லாக் புக்கில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். இறுதித் தேர்வுக்கு முன் கொண்டுவந்து வைத்தாள். டியூப் போட்டதில் எண்ணிக்கை குறைந்திருந்தது, பரவாயில்லை என்றேன். போகாமல் நின்றாள். “மேடம், போன வருஷம் ஜூன்ல, கோவிட் வார்டுல இருந்த ஒரு அம்மாவுக்கு போன் பண்ணி, பாப்பா இறந்துடுச்சுன்னு சொன்னேன். முகம்கூடப் பாத்ததில்ல. அவங்க பேசவே இல்ல, லைனையும் கட் பண்ணல. ரொம்ப நேரம் அப்படியே இருந்துச்சு. நானும் வைக்கல. அது சரியா தப்பான்னு தெரியல. இத எங்க எழுதறது?”

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். செய்முறைகள், செமினார், ஜர்னல் கிளப், மரண ஆய்வுக் கூட்டம். வெளியே ஓ.பி. காத்திருந்தது. “இத எல்லாம் எழுத வேண்டாம்மா, விடு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் தேர்ச்சி பெற்று இப்போது ஒரு மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறாள். வைக்காமல் இருந்தது சரிதான் என்று அன்றைக்கு நான் அவளிடம் சொல்லியிருக்கலாம்.