மரபியலும் உயிர்ப் பகுப்பும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணால் ஆறு வகைப்படுத்துகின்றது. இன்றைய உயிரியற் பகுப்பினை அந்நூல் முன்னரே கண்டதெனப் பாராட்டுவார் பலர். அக்கூற்று எத்துணை நிற்குமென்பதை மாமல்லபுரக் கடற்கரையிற் காணும் உயிர்களைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

அறிவடைவு ஓர் ஏணி. எறும்புக்கு மூன்றறிவு எனின் அதற்குக் கட்புலன் இல்லையென்பது பெறப்படும். ஆயின் பெரும்பாலான எறும்புகட்குக் கண் உண்டு. நான்கறிவுடைய தும்பியை வண்டினமாகக் கொள்ளினும் தட்டானாகக் கொள்ளினும், எறும்பும் அதுவும் பூச்சி என்னும் ஒரே வகுப்பின. தார்வினின் 1859-ஆம் ஆண்டு நூலுக்குப் பின் உயிரியலார் நாடுவது கால்வழியையே. கார்ல் வோசு முதலியோர் 1990-இல் வகுத்த மூன்று பெரும்பிரிவுகளுள் இரண்டு நுண்ணுயிர்கட்கே உரியன. யானையும் பனையும் எறும்பும் எஞ்சிய ஒன்றனுள் அடங்கிவிடும். இவ்விரு பகுப்புகளையும் ஒப்பிடுதல் வீண்முயற்சியே.

மரபியலின் உண்மைச் சிறப்பு வேறிடத்தில் உளது. புறத்தே வைரமுடையது புல், அகத்தே வைரமுடையது மரம் என்பது அதன் கோள். அதன்படி இக்கரையின் பனையும் தென்னையும் புல்லே. ஊசிபோன்ற கிளைகளையுடைய சவுக்கு மரமே. பனங்கைக்கு வெளிப்புறத்தை வைத்துக்கொண்டு உள்ளீட்டைச் செதுக்கியெறியும் தச்சர் இதனை நன்கறிவர். பனையின் சாற்றுக்குழாய்க் கற்றைகள் தண்டின் விளிம்பில் நெருங்கியும் நடுவில் அருகியும் நிற்றலே காரணம். ஒருவித்திலை, இருவித்திலை என ஜான் ரே 1682-இல் வகுத்த பகுப்பு, வித்தினை நோக்கிப் பிறந்தும், பனை தென்னைகளின் அளவில் இதனோடு ஒத்துச் செல்கின்றது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு ஆகிய சொற்களைப் புல்லுக்கு உரியவாக மரபியல் ஒதுக்கியதும் இவ்வடிப்படை பற்றியே. உறுப்பின் வேறுபாடு சொல்லின் வேறுபாடாயிற்று.

இனி, இளமைப் பெயர்கள். பறப்பவற்றுக்கு உரிய பார்ப்பு, பிள்ளை என்பன தவழ்பவற்றுக்கும் உரிய என்கிறது மரபியல். ஐங்குறுநூறு முதலையின் குட்டியைப் பார்ப்பு என்றே வழங்குகின்றது. (குட்டி என நாம் எழுதியது இக்கால வழக்கு, மரபியலார் உடன்படார்.) வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குச் செல்வோர், முட்டையோட்டினின்று வெளிப்படும் அப்பார்ப்பினைக் கண்டால் இவ்வழக்கின் பொருத்தம் உணர்வர். வியப்பு யாதெனின், இன்று உயிர்வாழ்வனவற்றுள் முதலைக்கு மிக அணுகிய உறவு பல்லியன்று, பறவையே என்பது உயிரியலார் முடிபு. இதனையும் தொல்காப்பியர் அறிந்தார் எனச் சிலர் எழுதத் துணியலாம். அது பொருந்தாது, முதலையோடு ஆமையும் பார்ப்பே பெறுகின்றது. இப்பெயர்க்குக் காரணம் முட்டைப் பிறப்பாதல் கூடும், கால்வழியன்று.

அவ்வூரில் 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பு, உடும்பு, ஆமை ஆகியவற்றின் இளமைக்கு இருளரும் மீனவரும் இன்று வழங்கும் சொற்களைத் தொகுப்பின், தவழ்பவை என்னும் வகையின் எல்லை தெளிவுறும்.