செல்வாக்கர் தொழில் முனைவோரா?

சமூக ஊடகங்களில் காணொளி வெளியிட்டுப் பொருளீட்டும் செல்வாக்கரைத் தொழில் முனைவோர் என அழைத்தல் இந்நாளில் பெருவழக்காகிவிட்டது. அப்பெயர் பொருந்துமா என ஆராய்தல் இன்றியமையாதது. அதனை நம்பிக் கையிலுள்ள வேலையை விடத் துணியும் இளைஞர் பலர்.

தொழில் முனைவோர் யார்? பொருளியலறிஞர் ஃபிராங்க் நைட், 1921ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், கணித்தறிய இயலாத நிலையின்மையைத் தாங்கித் தொழில் நடத்துவோரே முனைவோர் என்றும், அதற்குக் கிடைக்கும் ஈடே இலாபம் என்றும் விளக்கினார். இவ்வளவுகோலின்படி செல்வாக்கர் முனைவோரே. அவர்க்கு மாதச் சம்பளம் இல்லை. பல நாள் உழைப்பு ஒரு காசும் தராமற் போகலாம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தொழிலாளியாக இருந்த சுகுவும் துணைவியார் பவித்ராவும் 2020ஆம் ஆண்டில் மலாய் மொழியில் சமையல் காணொளிகள் வெளியிட்டு நாடெங்கும் அறியப்பட்டனர். தமிழர் அடுப்படியைப் பிற இனத்தாரும் விரும்பிக் காணச் செய்த அம்முயற்சியைப் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் முறையன்று.

ஆயினும், நைட் பொறுப்பையும் ஆளுகையையும் இணைத்தே பேசினார். செல்வாக்கரிடம் பொறுப்பு உண்டு, ஆளுகை உண்டா? யூடியூபில் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு படைப்போர்க்கும் 45 பங்கு நிறுவனத்துக்கும் சேர்கிறது. இதனை வகுத்தது நிறுவனமே. 2018ஆம் ஆண்டில் அது, 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் இருந்தாலே விளம்பர வருவாய் உண்டு என விதித்தது. அவ்வளவை எட்டாத சிறியோர் பலர் அதுவரை பெற்றதையும் இழந்தனர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதனையே நம்பியிருந்தோர் தம் பார்வையாளரை ஒருசேர இழந்தனர். பால்மரம் சீவுவோர் எத்துணைக் கைத்திறன் உடையராயினும் மரம் தோட்டத்துக்கே உரியது. இவர்தம் நிலையும் அத்தகையதே.

இந்நிலையை மாற்றினோரும் உளர். துபாயில் வாழும் ஹுடா கட்டான் 2010ஆம் ஆண்டில் ஒப்பனை பற்றி வலைப்பதிவு எழுதத் தொடங்கினார். 2013ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஒட்டு இமைகளைக் கடையில் விற்பனைக்கு வைத்தார். ஊடகம் அவர்க்கு வாடிக்கையாளரைத் தேடித்தந்தது. பொருளும் வணிகப் பெயரும் அவருடையவையாயின. ஊடகக் கணக்கு ஒன்று முடங்கினும் கடையிலுள்ள சரக்கு விலைபோகும். முனைவோர் என்னும் பெயர் இத்தகையோர்க்கே முழுதும் பொருந்தும்.

மற்றொன்றும் உண்டு. செல்வாக்கரின் முதல் மக்களின் நம்பிக்கை. கடைக்காரர் விற்பவர் என்பதை யாவரும் அறிவர்; நண்பர்போல் பேசிக் கூலியை மறைத்துப் பொருளைப் புகழ்வோர் அந்நம்பிக்கையைச் செலவழிக்கின்றனர். பணம் பெற்ற பரிந்துரையை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் எனச் சிங்கப்பூரின் விளம்பரத் தரநிலை ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது.

ஆதலின் இத்துறையில் புகும் இளைஞர் முதலில் வினவ வேண்டியது, எத்துணைப் பேர் பார்க்கின்றனர் என்பதன்று. ஊடகம் நாளையே மூடப்படின் கையில் எஞ்சுவது யாது என்பதே. கைத்தொழிலோ, விற்பனைப் பொருளோ, ஒழுங்கான கணக்கோ எஞ்சுமாயின் துணிந்து இறங்கலாம். ஒன்றும் எஞ்சாதாயின், இருக்கும் வேலையை விடாதிருத்தலே அறிவுடைமை.