லகான்: பயிற்சியாளர் எலிசபெத்

'லகான்' (2001) படத்தின் கிரிக்கெட் ஆட்டத்தை எப்போது அலசினாலும் கிராமத்து அணித்தலைவர் புவனின் கடைசி சிக்ஸரிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. என் ஆட்ட நாயகி எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்: ஆங்கிலேய ராணுவக் கேப்டன் ரஸ்ஸலின் தங்கை எலிசபெத்.

1893, சம்பானேர் கிராமம். ரஸ்ஸல் விடுத்த கிரிக்கெட் சவாலில் கிராமத்தார் தோற்றால் மும்மடங்கு வரி, ஜெயித்தால் மூன்றாண்டுக்கு வரியே இல்லை. அண்ணனுக்குத் தெரியாமல் வந்து ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார் எலிசபெத். நியாய உணர்வில் தொடங்கியது புவன் மீதான காதலாகிறது. அதை அவர் ஆங்கிலத்தில் சொல்கிறார், புவனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் பக்கத்தில் அவரை நேசிக்கும் கௌரி இருக்கிறாள்.

பயிற்சியில் எனக்குப் பிடித்தது, யாரையும் புத்தகப்படி வளைக்காததுதான். கிராமத்து அணியின் கோலி (நம்ம விராட் இல்லை) கவண் சுற்றுவதுபோல் கையைச் சுழற்றிவிட்டுத்தான் பந்து வீசுவார். கடைசிவரை அப்படியேதான் வீசினார். எதிரணியின் கவனம் சிதற அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. அணி பழகியதெல்லாம் தேய்ந்த பந்தில். முதல் நாள் புதுப்பந்தைக் கையில் கொடுத்ததும் சுழற்பந்து வீச்சாளர் கச்ராவுக்குச் சுழலே எடுபடவில்லை. எந்தப் பயிற்சியாளரும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது. இரண்டாம் நாள் பந்து தேய்ந்தபின் அதே கச்ரா ஹாட்ரிக் எடுத்தார், வெள்ளையர் வரிசை மளமளவென்று சரிந்தது. என் கணக்கில் ஆட்டம் திரும்பியது அங்கேதான்.

அதற்கு முந்தைய இரவு இன்னொன்றும் நடந்தது. அணியில் இருந்த லாக்கா ரஸ்ஸலுக்கு விலைபோனதைக் கண்டுபிடித்துப் புவனிடம் சொன்னவரும் எலிசபெத்தே. இன்றைக்கு இதற்கென்று ஊழல் தடுப்புப் பிரிவே வைத்திருக்கிறார்கள். புவன் லாக்காவைத் துரத்தாமல் மறுநாளும் களமிறக்கினார், அவரும் ஒற்றைக்கையில் ஒரு கேட்ச் பிடித்துக் கடனைத் தீர்த்தார். இது புவனின் தலைமைக்கு விழும் மதிப்பெண்.

இனி அந்த சிக்ஸர். கச்ரா ஒரு ரன் ஓடிய பந்து நோ-பால் ஆனதால் புவனுக்குக் கடைசிப் பந்து கிடைத்தது. தூக்கி அடித்ததை ரஸ்ஸல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று பிடித்தார், ஆறு ரன். ஆனால் 1910-க்கு முந்தைய இங்கிலாந்து வழக்கப்படி மைதானத்தை விட்டே பந்து வெளியேறினால்தான் ஆறு. ரஸ்ஸல் வாதாட இடம் இருந்தது. எலிசபெத்துக்கும் அது தெரிந்திருக்கும், அண்ணனிடம் சொல்லியிருக்க மாட்டார்.