வளையத்தில் மங்கும் அலை

காலியம் ஆர்சனைடு சில்லில் எலெக்ட்ரான் கற்றையால் வரைந்து செதுக்கிய வளையம். குறுக்களவு ஒரு மைக்ரான். அதன் இணைப்புத் தகடுகளில், தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை மீயொலி அதிர்வில் அழுத்தி ஒட்டும் கைக்கு எத்தனை நிதானம் வேண்டும்! பிறகு ஹீலியம் குளிரூட்டியில் இறக்கி, 0.1 கெல்வினுக்கும் கீழே குளிரவிடுகிறார்கள். பம்புகள் முனகிக்கொண்டே இருக்கும். காந்தப்புலத்தை மெல்ல, மிக மெல்ல உயர்த்த, மின்தடை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது: ஏறக்குறைய 5 மில்லிடெஸ்லாவுக்கு ஓர் அலை. ஒரே எலெக்ட்ரான் வளையத்தின் இரு பக்கமும் ஒருசேரப் போய், மறுமுனையில் தன்னோடு தானே கூடுவதன் சுவடு அது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த அலை மங்கும் விதம். வெப்பநிலையைச் சற்று உயர்த்தினால் மேடுகள் தணிகின்றன, பள்ளங்கள் தூர்கின்றன. சில கெல்வினுக்குள் ஏற்ற இறக்கமே தெரியாது. வளையம் அறவில்லை, மின்னோட்டமும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்து எலெக்ட்ரான்கள் இடித்து நெருக்கியதில், எந்த வழி போனது என்ற தடயம் சுற்றுப்புறத்தில் பதிய, இரு வழியே போகும் எலெக்ட்ரான் அலைகளின் ஒத்திசைவு கலைகிறது. ஆனால் மின்தடையின் அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை, உயரம்தான் குறைகிறது; நல்ல தம்புராவின் நாதம் சுருதி பிசகாமல் ஓய்வது போல. திரும்பக் குளிர்வித்தால் அதே மேடுபள்ளம் அதே இடத்தில் வந்து நிற்கும். அறைவெப்பம்வரை போகவிட்டால் மட்டும் அதன் நுண்ணிய நெளிவுகள் வேறாகிவிடும்; படிகத்து மாசுகளின் மின்னூட்டங்கள் இடம் மாறியிருக்கும். அதனால்தான் அளப்பவர்கள் வாரக்கணக்கில் அந்தக் குளிரைக் கலைக்காமல் காக்கிறார்கள்.